சுதந்திரத்தில் மைனர் யார்?

“சுதந்திரம்” என்கின்ற வார்த்தையைப்போல் எல்லோர் வாயிலும் தாராளமாய்ப் புழங்குகின்ற வார்த்தை வேறொன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. ராஜாவும் சுதந்திரம் என்றான். ராஜாவை விரட்டியவனும் சுதந்திரம் என்றான். அடிமைகளை வைத்திருந்தவன்கூட, தன் அடிமையைத் தன் இஷ்டப்படி நடத்திக் கொள்ளத் தனக்குச் சுதந்திரம் வேண்டுமென்றுதான் வாதாடினான். ஆகவே, ஒருவர் “நான் சுதந்திரத்தை விரும்புகின்றவன்” என்று சொன்ன மாத்திரத்திலேயே அவர் கழுத்தில் மாலையைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனமாகாது. “அய்யா, உம்முடைய சுதந்திரம் யாருக்கு? அது யாரிடமிருந்து? உம்முடைய பட்டியலில் விடுபட்டவர்கள் யார்?” என்கின்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதில் வாங்கிக் கொண்ட பிறகுதான் மாலையைக் கையில் எடுக்கவேண்டும்.

இக்கேள்விகளை உள்ளூர் மேடைப் பிரசங்கிகளிடம் மாத்திரம் கேட்டால் போதாது. உலகமே மெச்சுகின்ற தத்துவ ஞானிகளிடமும் கேட்டுத்தான் ஆகவேண்டும். பெரியவர் சொன்னார் என்பதற்காகத் தலையாட்டுவது புரோகிதன் சொன்னான் என்பதற்காகத் தலையாட்டுவதற்கு எந்த விதத்திலும் உயர்ந்ததல்ல. ஆதலால் இன்று நாம் ஐரோப்பாவில் சுதந்திரத்தைப் பற்றி எழுதிப் பேர்போன மூவரை, அதாவது லாக், ரூசோ, மில் ஆகியவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் திறந்துவிட்ட கதவுகள் எவை, சாத்திவிட்டுப் போன கதவுகள் எவை என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

லாக்கும் ரூசோவும்

ஜான் லாக் என்பவர் 1632-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். அவர் காலத்தில், அரசனுடைய அதிகாரம் கடவுளால் கொடுக்கப்பட்டதென்றும், அது ஆதாம் என்கின்ற முதல் மனிதனிடமிருந்து தகப்பன் சொத்துப்போல் பரம்பரையாக வந்ததென்றும் புத்தகம் எழுதி வைத்திருந்தார்கள். இந்தப் புளுகைப் பிட்டுப் பிட்டு வைத்தவர் லாக். அரசாங்கம் என்பது ஜனங்களுடைய சம்மதத்தினால் ஏற்பட்டதே ஒழிய ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல என்றும், அது ஜனங்களுடைய உயிரையும் உடைமையையும் சுதந்திரத்தையும் காப்பாற்றத் தவறினால் அதைத் தள்ளிவிட ஜனங்களுக்குப் பாத்தியதை உண்டென்றும் சொன்னார். மதத்தின் பேரால் ஒருவரையொருவர் வதைப்பது கூடாதென்று 1689-ல் ஒரு தனிக் கடிதமும் வெளியிட்டார்.

நல்லது. ஆனால் அந்தக் கடிதத்திலேயே ஒரு கதவைச் சாத்திவிட்டார். கடவுள் இல்லை என்பவனுக்கு இந்தச் சலுகை கிடையாதாம். ஏனென்றால் கடவுளை நம்பாதவனுடைய வாக்குறுதிக்கும் சத்தியப் பிரமாணத்திற்கும் மதிப்பில்லையாம்! கோயிலிலே சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு மறுநாளே கோர்ட்டில் பொய் சொல்கின்றவர்களை லாக் பார்த்ததில்லை போலும். இது மாத்திரமல்ல. மனிதன் சுபாவத்தில் சுதந்திரமுள்ளவன் என்று எழுதிய இதே லாக், ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்று வந்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கும் வைத்திருந்தார்.

அடுத்தபடியாக ரூசோ. ஜினீவா நகரத்தில் ஒரு கடிகாரத் தொழிலாளியின் மகனாக 1712-ல் பிறந்தவர். இவர் 1762-ல் எழுதிய “சமுதாய ஒப்பந்தம்” என்னும் புத்தகம் ராஜாக்களின் சிங்காதனங்களை ஆட்டி வைத்தது. அதே ஆண்டில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி “எமில்” என்று ஒரு புத்தகம் எழுதினார். பாதிரிகளுக்கு ஆத்திரம் வந்தது. பாரிஸ் நகரில் அப்புத்தகத்தைக் கொளுத்தச் சொல்லி உத்தரவு பிறந்தது. அவரைக் கைது செய்யவும் உத்தரவாயிற்று. ரூசோ ஓடித் தப்பினார். சொந்த ஊராகிய ஜினீவாவிலும் அவர் புத்தகங்களுக்கு நெருப்புத்தான் கிடைத்தது.

இத்தனை கஷ்டப்பட்ட மனிதர் அதே “எமில்” புத்தகத்தில் பெண்களைப் பற்றி என்ன சொன்னார்? பெண்ணுக்குப் படிப்பு எதற்கென்றால், ஆணுக்குப் பிரியமாக நடந்துகொள்வதற்கும், அவனுக்கு உதவியாக இருப்பதற்குமே என்றார். மனிதனுக்கு விலங்கு கூடாது என்றவருக்கு, பெண்ணும் மனிதன்தான் என்பது மாத்திரம் ஞாபகத்துக்கு வரவில்லை. இதற்குச் சரியான சூடு கொடுத்தவர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் என்கின்ற ஆங்கிலேயப் பெண்மணி. பெண்களின் உரிமையைப் பற்றி 1792-ல் அவர் எழுதிய புத்தகத்தில், ரூசோவின் ஆயுதத்தையே பிடுங்கி ரூசோவின்மேல் வீசினார். பகுத்தறிவே மனிதனுக்கு உரிமையைத் தருவதென்றால், பெண்ணுக்குப் பகுத்தறிவு இல்லையென்று நிரூபித்த பிறகல்லவா அவளை விலக்கவேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

மில் என்பவர் யார்?

நிற்க, இம்மூவரில் தனி மனிதனுடைய சுதந்திரத்தைப் பற்றி மிகத் தெளிவாகவும் துணிவாகவும் எழுதியவர் ஜான் ஸ்டூவர்ட் மில் என்பவரேயாவார். அவர் சறுக்கிய இடமும் நம் நாட்டைப் பற்றியதாகவே இருக்கின்றபடியால், அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

மில் 1806-ல் லண்டனில் பிறந்தார். அவர் பள்ளிக்கூடமே போனதில்லை. தகப்பனார் ஜேம்ஸ் மில்லே வாத்தியார். மூன்று வயதில் கிரேக்க பாஷை, எட்டு வயதில் லத்தீன். விளையாட்டு இல்லை, சேர்ந்து ஆடக் கூட்டாளிப் பிள்ளைகள் இல்லை. இப்படி வளர்க்கப்பட்டவருக்கு இருபதாவது வயதில் மனமே உடைந்து, வாழ்க்கையில் எதிலும் ருசியில்லாமல் போய்விட்டது. ஒரு மனிதனை இன்னொருவர், அவர் பெற்ற தகப்பனாகவே இருந்தாலும், தம் இஷ்டப்படி வார்த்து எடுப்பதென்றால் என்ன நேரும் என்பதை மில் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கவில்லை.

அவருக்குச் சோறு போட்டது எந்த உத்தியோகம் தெரியுமா? ஈஸ்ட் இந்தியா கம்பெனி உத்தியோகம்! 1823-ல் தமது 17-வது வயதில் லண்டனிலுள்ள கம்பெனி ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1858-ல் கம்பெனி ஆட்சியே எடுபடுகின்ற வரையில் 35 வருஷம் அங்கேயே இருந்து, மேலதிகாரியாகவும் உயர்ந்தார். அங்கிருந்து இந்தியாவுக்கு வரும் உத்தரவுக் கடிதங்களுக்கு நகல் தயாரிப்பதுதான் வேலை. இந்தியாவுக்கு அவர் வந்ததே கிடையாது. அவர் தகப்பனாரும் அதே ஆபீசில் இருந்தவர்தான். அவரும் இந்தியாவைக் கண்ணால் பார்க்காமலேயே இந்திய சரித்திரத்தை மூன்று பாகமாக எழுதி 1817-ல் வெளியிட்டவர். இந்தச் சங்கதியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

அரசனைவிட ஊர் கொடியது

மில் 1859-ல் “சுதந்திரத்தைப் பற்றி” என்கின்ற சிறு புத்தகத்தை வெளியிட்டார். அதில் சொல்லியிருப்பது சுருக்கமாக இதுதான்: ஒருவனுடைய இஷ்டத்திற்கு விரோதமாக அவனைக் கட்டாயப்படுத்தச் சர்க்காருக்கோ சமுதாயத்திற்கோ எப்போது பாத்தியதை ஏற்படுகின்றதென்றால், அவனால் பிறருக்குக் கெடுதி நேரும்போது மாத்திரமே. அவனுடைய சொந்த நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு அவனைக் கட்டாயப்படுத்த ஒருவருக்கும் பாத்தியதை கிடையாது. புத்தி சொல்லலாம், வாதாடலாம், கெஞ்சலாம், தண்டிக்கக் கூடாது.

“அப்படியானால் அவனவன் இஷ்டப்படி நடந்து ஊர் குட்டிச்சுவராய்ப் போய்விடாதா?” என்று சிலர் கேட்கலாம். இதற்கு மில் கொடுக்கும் உதாரணங்களே போதும். ஒருவன் குடித்தான் என்பதற்காகத் தண்டிக்காதே. போலீஸ்காரன் டியூட்டியில் குடித்திருந்தால் தண்டி. தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகின்றார்கள் என்று பத்திரிகையில் எழுதினால் விட்டுவிடு. அதையே ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில் ஆத்திரத்தோடு கூடிநிற்கும் கூட்டத்தின் முன் நின்று கத்தினால் தண்டி. இதில் ஊர் கெட்டுப்போக என்ன இருக்கின்றது? பிறத்தியான் மேல் கல் விழுகின்றதா என்பதே கேள்வி; கல்லெறிகின்றவன் தலைமயிரை எப்படி வாரிக்கொள்கிறான் என்பதல்ல.

மில்லுடைய புத்தகத்தில் இன்னும் முக்கியமானது வேறொன்று. சர்க்காருடைய கொடுமையைவிடச் சமுதாயத்தினுடைய கொடுமை மோசமானது என்றார் அவர். யோசித்துப் பாருங்கள். சர்க்கார் ஒருவனைப் பிடித்தால் ஜெயிலில் போடும். அதற்கு ஒரு சட்டம் உண்டு, விசாரணை உண்டு, ஒருநாள் விடுதலையும் உண்டு. ஊரார் பிடித்தால்? அதற்குச் சம்மனும் கிடையாது, வாய்தாவும் கிடையாது, அப்பீலும் கிடையாது. “நாலுபேர் என்ன சொல்வார்கள்?” என்கின்ற ஒரே வாக்கியம் வீட்டுக்குள் புகுந்து, சமையற்கட்டில் உட்கார்ந்து, படுக்கையறைக்கும் வந்து, கடைசியில் மனிதனுடைய மனதுக்குள்ளேயே காவல்காரனாய் நின்றுவிடுகின்றது. அந்த நாலுபேர் யாரென்று இதுவரையில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அந்த நாலுபேருக்குப் பயந்து உயிரை விட்டவர்கள் ஏராளம்.

மில் இதை அனுபவித்தே எழுதினார். ஹாரியட் டெய்லர் என்கின்ற கல்யாணமான ஒரு பெண்மணியோடு 1830 முதல் அவருக்கு நட்பு. இருவரும் சேர்ந்தே சிந்தித்தார்கள், எழுதினார்கள். லண்டன் நாகரிக சமூகம் இருபது வருஷம் வாய் ஓயாமல் வம்பளந்தது. அப்பெண்மணியின் புருஷர் 1849-ல் இறந்தபின், 1851-ல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். அக்காலத்து ஆங்கிலேயச் சட்டப்படி மனைவியின் சொத்தும் வருமானமும் புருஷனுடையவை. மில் என்ன செய்தார்? இந்தச் சட்டம் தமக்குக் கொடுக்கின்ற அதிகாரங்களைத் தாம் ஒருபோதும் உபயோகிப்பதில்லையென்றும், மனைவிக்குக் கல்யாணத்திற்கு முன் இருந்த சுதந்திரமெல்லாம் பின்னும் உண்டென்றும் கைப்பட எழுதி வைத்தார். மேடையில் பெண்விடுதலை பேசிவிட்டு வீட்டுக்குப் போய் “தண்ணி கொண்டாடி” என்று அதட்டுகின்ற வீரர்கள் இதைக் கவனிப்பார்களாக.

வாயை மூடுவதில் யாருக்கு நஷ்டம்?

மில்லினுடைய மற்றொரு பெரிய வாதம் அபிப்பிராய சுதந்திரத்தைப் பற்றியது. உலகம் முழுவதும் ஒரு பக்கம், ஒரே ஒருவன் மறுபக்கம் நின்றாலும், அந்த ஒருவனுடைய வாயை அடைக்க உலகத்திற்குப் பாத்தியதை இல்லை என்பது அவர் முடிவு. காரணம் மூன்று. அவன் சொல்வது உண்மையாக இருந்தால், உலகம் உண்மையை இழக்கின்றது. பாதி உண்மையாக இருந்தால், நம்மிடமுள்ள மறுபாதியோடு அதைச் சேர்த்துப் பார்க்க வழியில்லாமல் போகின்றது. முழுப் பொய்யாகவே இருந்தாலும், எதிர்ப்பே இல்லாத உண்மை நாளடைவில் அர்த்தம் தெரியாத மந்திரமாகி, கிளிப்பிள்ளைப் பாடமாகிவிடுகின்றது. வாயை அடைக்கின்றவன், “எனக்குத் தவறே நேராது” என்று தன்னைச் சர்வக்ஞனாகப் பாவித்துக்கொள்கின்றான் என்பதே இதன் அடிப்படை.

இதற்கு அவர் காட்டிய அத்தாட்சிகள் எங்கோ பழங்காலத்துச் சங்கதிகள் மாத்திரமல்ல. தம் ஊரில், புத்தகம் வெளிவருவதற்கு இரண்டு வருஷத்திற்கு முன் நடந்தவை. 1857-ல் கார்ன்வாலில் தாமஸ் பூலி என்கின்ற கிணறு வெட்டும் கூலியாள், ஒரு கதவில் கிறிஸ்து மதத்தைத் தூஷித்து எழுதினான் என்று 21 மாதம் தண்டிக்கப்பட்டான். நீதிபதி தகப்பன், பிராதை நடத்திய வக்கீல் அந்த நீதிபதியின் மகன்! பல அறிவாளிகள் கூச்சல் போட்ட பிறகு அவ்வருஷக் கடைசியில் அவனுக்கு மன்னிப்பளித்து விட்டார்கள். அதே வருஷத்தில், ஹோலியோக், ட்ரூலவ் என்கின்ற இருவர் தங்களுக்கு மத நம்பிக்கை இல்லை என்று யோக்கியமாகச் சொன்னதற்காக ஜூரியில் உட்கார அருகதையற்றவர்கள் என்று விலக்கப்பட்டார்கள். இன்னொருவர் அயல்நாட்டார், தம் பொருளைத் திருடியவன்மேல் பிராது கொடுக்கப் போனார். கடவுளையும் மறு உலகத்தையும் நம்புவதாகச் சொல்லாததால் அவருக்கு நியாயம் கிடையாதென்று சொல்லிவிட்டார்கள்.

மில் கேட்டார்: உள்ளே நம்பிக்கையில்லாமல் வெளியே நம்புவதாகப் பொய் சொல்கின்ற நாஸ்திகனுடைய சாட்சியை ஏற்றுக்கொள்கின்றீர்கள், அவமானத்துக்கும் துணிந்து உண்மையைச் சொல்கின்ற நாஸ்திகனைப் பொய்யன் என்று தள்ளுகின்றீர்கள், இதென்ன சட்டம்? லாக் சாத்திய கதவு இந்தக் கேள்வியில்தான் பிளந்தது. 1869-ல் கோர்ட்டில் கடவுள்பேரால் சத்தியம் செய்யாமலேயே உறுதிமொழி கூறலாம் என்று சட்டமாயிற்று. ஆனால் மத தூஷணக் குற்றம் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து எடுபட்டது 2008-ல்தான். பூலி ஜெயிலுக்குப் போய் 151 வருஷம் கழித்து! உண்மை தானாக ஜெயித்துவிடும் என்று கைகட்டி உட்கார்ந்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும்.

காரியத்திலும் காட்டியவர்

மில் புத்தகப் பூச்சியாக மாத்திரம் இருக்கவில்லை. 1865-ல் வெஸ்ட்மினிஸ்டர் தொகுதியில் பார்லிமெண்டுக்கு நின்றார். ஓட்டுக் கேட்கப் போகமாட்டேன், பணம் செலவழிக்கமாட்டேன், மதத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லமாட்டேன் என்றார். தொழிலாளர் நிறைந்த ஒரு கூட்டத்தில், “கீழ்வகுப்பார் பெரும்பாலும் பொய் பேசுகின்றவர்கள் என்று நீர் எழுதியதுண்டா?” என்று எதிரிகள் மடக்கினார்கள். மில் மழுப்பவில்லை; எழுதினேன் என்றார். கூட்டம் கல்லெறியவில்லை, கைதட்டியது. முகஸ்துதி செய்கின்றவர்களையே கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன தொழிலாளர்களுக்கு, குற்றத்தை முகத்துக்கு நேரே சொல்பவன்தான் தங்களை மனிதர்களாக மதிக்கின்றவன் என்று தெரிந்தது.

பார்லிமெண்டில் 1867-ல் ஓட்டுரிமை மசோதா வந்தபோது, “ஆண்” என்றிருக்கும் இடத்தில் “நபர்” என்று திருத்தவேண்டுமென்று பிரேரேபித்தார். 73 பேர் ஆதரவு, 196 பேர் எதிர்ப்பு. தோற்றார். ஜமெய்க்காத் தீவில் 1865-ல் கறுப்பு மக்கள் கிளம்பியபோது கவர்னர் ஐர் என்பவர் ராணுவச் சட்டம் போட்டு 400 பேருக்கு மேல் கொல்லச் செய்தார். அந்தக் கவர்னரைக் கொலைக்குற்றத்திற்கு விசாரிக்கவேண்டுமென்று முனைந்த கமிட்டிக்குத் தலைமை வகித்தவர் மில். கொன்றுவிடுவோம் என்று அவருக்கு மொட்டைக் கடிதங்கள் வந்தன. அதிலும் தோற்றார். 1868 தேர்தலில் பிராட்லா என்கின்ற பிரபல நாஸ்திகருடைய தேர்தல் செலவுக்கு 10 பவுன் கொடுத்தார். அதனாலும் அவருடைய சொந்த ஸ்தானமே போயிற்று. இப்படிப்பட்ட யோக்கியரைப் பற்றித்தான் அடுத்த சங்கதியைச் சொல்லப்போகின்றோம்.

மில் சாத்திய கதவு

சுதந்திரத்தைப் பற்றிய அதே புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே, இந்தத் தத்துவமெல்லாம் வயது வந்தவர்களுக்கே பொருந்தும் என்கின்றார் மில். குழந்தைகளுக்குப் பொருந்தாதாம். சரி. அடுத்தாற்போல், ஜாதி முழுவதுமே இன்னும் வயது வராத நிலையிலிருக்கும் பின்தங்கிய சமூகங்களுக்கும் பொருந்தாதாம்! அவர்களை முன்னேற்றுவதே நோக்கமானால், எதேச்சாதிகாரம்கூட அவர்களுக்குத் தகுந்த ஆட்சிதானாம். ஒரு அக்பரோ ஒரு சார்லமேனோ கிடைத்தால் அவருக்கு அடங்கி நடப்பதே அவர்களுக்கு மேலாம். அக்பர் பேர் வந்ததைக் கொண்டே யாரைக் குறித்துச் சொல்கிறார் என்பது விளங்கவில்லையா? சொன்னவர் யார்? 35 வருஷம் கம்பெனி ஆபீசில் இருந்தவர்!

தோழர்களே! நம் ஊரில் மைனர் சொத்து வழக்கு நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தகப்பன் இல்லாத பையனுக்குச் சித்தப்பாவோ மாமனோ கார்டியனாக இருப்பான். நிலத்து நெல் முழுவதும் கார்டியன் வீட்டுக் களஞ்சியத்துக்குப் போகும். பையனுக்கு வயது வந்துவிட்டதா என்று அந்தக் கார்டியனையே கேட்டால் என்ன சொல்லுவான்? “இன்னும் விவரம் பற்றாது, நாலு வருஷம் போகட்டும்” என்பான். நாலு வருஷம் கழித்துக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவான். பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் மாடு மேய்க்க விட்டவனும் அவனே. “பையனுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லையே” என்று கோர்ட்டில் அழுகின்றவனும் அவனே.

கம்பெனி சங்கதியும் இதுதான். 1833-க்குப் பிறகு கம்பெனிக்கு வியாபாரமே கிடையாது. இந்தியாவின் வரிப்பணந்தான் வருமானம். லண்டன் ஆபீசில் மில் வாங்கிய சம்பளமும் இங்குள்ள குடியானவன் கட்டிய கிஸ்தியிலிருந்து போனதுதான். 1857 கலகத்திற்குப் பின் கம்பெனியை எடுத்துவிடப் பார்லிமெண்டு முனைந்தபோது, கம்பெனியே நீடிக்கவேண்டுமென்று அதன் சார்பில் மனு எழுதிக் கொடுத்தவரும் மில்லே. அவர் லஞ்சத்திற்கு எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. மனப்பூர்வமாய் நம்பித்தான் எழுதினார். அதுதான் விபரீதம்! அயோக்கியன் சொல்கின்ற பொய்யை ஊர் ஒரு நாளில் கண்டுகொள்ளும். யோக்கியன் தன் சம்பளத்திற்குத் தோதாக நம்புகின்ற பொய்யைக் கண்டுகொள்ள நூறு வருஷம் ஆகிறது.

பக்குவம் யார் பார்ப்பது?

மில்லுக்கு வெளியிலிருந்து பதில் தேடவேண்டியதில்லை. மில்லே மில்லுக்குப் பதில் சொல்லியிருக்கின்றார். ஒரு அபிப்பிராயத்தை அடக்குகின்றவன் தனக்குத் தவறே நேராதென்று நினைக்கின்றான் என்றாரே, ஒரு ஜனசமூகத்தையே “நீ குழந்தை” என்று அடக்குகின்றவன் அதைவிடப் பன்மடங்கு அப்படி நினைக்கவில்லையா? பெண்களின் அடிமைத்தனத்தைப் பற்றி 1869-ல் எழுதிய புத்தகத்தில், பெண்களின் சுபாவம் இன்னதென்று ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் இதுவரையில் கண்டதெல்லாம் அடக்கி வளைத்து உண்டாக்கிய செயற்கைச் சுபாவமே என்றாரே, அந்த நியாயம் அடக்கி ஆளப்பட்ட நாட்டு மக்களுக்கு மாத்திரம் ஏன் இல்லை? காலைக் கட்டிவிட்டு நொண்டி என்பது பெண்கள் விஷயத்தில் அநியாயமானால், எல்லோர் விஷயத்திலும் அநியாயந்தானே?

“பக்குவம் வரவில்லை” என்கின்ற இந்த வார்த்தை சாமானியமானதல்ல. இங்கிலாந்துத் தொழிலாளிகளுக்குப் பக்குவம் வரவில்லை என்று 1867 வரையில் ஓட்டில்லாமல் வைத்தார்கள். பண்ணையாள்களுக்கு 1884 வரையில். பெண்களுக்கு 1918 வரையில் வரவில்லை. அப்போதும் 30 வயதானவர்களுக்கே வந்ததாம். ஆண்களுக்குச் சமமாக வர 1928 ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் பக்குவம் பார்த்தவர் யார் என்று கவனியுங்கள். கதவுக்கு உள்ளே சௌகரியமாய் உட்கார்ந்திருந்தவர்கள்தான். வெளியே நின்றவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

மில் 1861-ல் எழுதிய இன்னொரு புத்தகத்தில், எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரியாதவனுக்கு ஓட்டு கூடாதென்றும், படித்தவனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டுக்கள் வேண்டுமென்றும் சொன்னார். இது எவ்வளவு தூரம் சரி என்பதற்கு இந்த நாடே பரீட்சை நடத்திக் காட்டிவிட்டது. 1951 ஜனக்கணக்குப்படி நூற்றுக்கு 18 பேருக்குத்தான் எழுத்துத் தெரியும். அந்த நாட்டில் 1951-52-ல் வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும், சுமார் 17 கோடியே 30 லட்சம் பேருக்கு, ஓட்டுக் கொடுக்கப்பட்டது. பேர் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு சின்னம், ஒரு தனிப் பெட்டி. என்ன குடி முழுகிப் போயிற்று? 1975 முதல் இரண்டு வருஷம் சர்க்காரே சுதந்திரங்களை மூட்டை கட்டி வைத்தபோது, 1977-ல் அந்தச் சர்க்காரை வீட்டுக்கு அனுப்பியதும் இந்த ஓட்டர்கள்தான். 1971 கணக்குப்படி அவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கே எழுத்துத் தெரியும். சுதந்திரத்தின் அருமை தெரிய அரிச்சுவடி கட்டாயமில்லை. அதை இழந்து பார்த்த அனுபவம் போதும்.

“அப்படியானால் படிப்பே வேண்டாமா?” என்று கேட்காதீர்கள். படிப்பு சுதந்திரத்தை வளர்க்கும் உரம். சுதந்திரத்துக்குள் நுழைய வாங்கவேண்டிய டிக்கட்டல்ல என்பதே நாம் சொல்வது.

ஆசாமியை விடுங்கள், ஆயுதத்தை எடுங்கள்

“இப்படி லாக்கிடமும் குற்றம், ரூசோவிடமும் குற்றம், மில்லிடமும் குற்றம் என்றால் இவர்களைக் குப்பையில் போட்டுவிடலாமா?” என்று ஒருவர் கேட்கலாம். கூடாது. அப்படிச் செய்வதும் ஒருவகை மூடத்தனமே. ரூசோவின் வாதத்தைக் கொண்டே வுல்ஸ்டன்கிராஃப்ட் ரூசோவை வென்றார். லாக் தள்ளிய நாஸ்திகனுக்காக மில் வாதாடினார். மில் குழந்தைகள் என்று தள்ளிய நாட்டில் என்ன நடந்தது?

1949 நவம்பர் 25-ந் தேதி டெல்லி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் எழுந்து பேசினார். பிள்ளைப் பிராயத்தில் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரக் கூடாதென்று, வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியில் தனியாய் உட்கார்ந்து படித்தவர் அவர். நாட்டின் சட்டத்தையே வகுத்துக் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்றும் வழியைச் சொன்னபோது அவர் எடுத்துக் காட்டியது யாரைத் தெரியுமா? ஜான் ஸ்டூவர்ட் மில்லை! எவ்வளவு பெரிய மனிதராய் இருந்தாலும் அவர் காலடியில் உங்கள் சுதந்திரத்தைக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள் என்று மில் சொன்ன எச்சரிக்கையை நினைப்பூட்டினார். அரசியலில் பக்தி புகுந்தால் அது வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்கும் வழி என்றும் சொன்னார். மில்லின் பட்டியலில் இல்லாத ஒருவர், மில்லின் ஆயுதத்தை மில்லைவிட நன்றாகப் பிடித்தார். அறிஞர்களை உபயோகிக்கும் முறை இதுதான். கையிலுள்ள விளக்கை வாங்கிக்கொள்ள வேண்டும். விளக்கைக் கொடுத்தவர் காலில் விழ வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. மில்லுடைய தவறு லண்டனோடு, கம்பெனியோடு போய்விட்டதென்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்காதீர்கள். கம்பெனி எடுபட்டு எத்தனையோ காலமாயிற்று, கார்டியன்கள் எடுபடவில்லை. கல்யாணத்தில் தன் இஷ்டத்தைச் சொல்லும் பெண்ணைப் பார்த்து “உனக்கு என்ன தெரியும்” என்கின்ற தகப்பனும், புருஷனை இழந்த மருமகள் கணக்குக் கேட்டால் “பொம்பிளைக்கு எதற்குக் கணக்கு” என்கின்ற மாமனாரும், “அந்தத் தெருக்காரர்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை” என்கின்ற ஊர்ப் பெரியதனக்காரரும், தொண்டனைக் கேள்வி கேட்கவிடாத தலைவரும் மில்லினுடைய முதல் அத்தியாயத்திலிருந்து நேரே இறங்கி வந்தவர்களே. அவர்களில் மில்லைப்போல் யோக்கியர்களும் இருப்பார்கள். மனப்பூர்வமாக நம்பியே சொல்லுவார்கள். அதனால்தான் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே, இதைப் படித்து முடித்ததும் பிறத்தியாரைத் தேடிப் போகாமல் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் நாம் யாரை மைனராக வைத்திருக்கின்றோம்? யாருடைய நெல் நம் களஞ்சியத்தில் கிடக்கின்றது? அவர்களுக்கு வயது வந்துவிட்டதா என்று இதுவரையில் நாம் யாரைக் கேட்டோம்? நம்மையேவா, அவர்களையா?